எஞ்சின் இழுக்கவில்லையா? கேம் ஷாப்டையும் பாருங்கள்

(வானொலிப் பண்ணைப் பேச்சு)



தாம்பரத்துக்கு மேற்கே முடிச்சூர், மணிமங்கலம், படப்பை, சோமங்கலம்; கிழக்கே அகரம்தென், பொன்மார், மாம்பாக்கம். இந்தப் பக்கமெல்லாம் வீடுகள் எவ்வளவோ பெருகிவிட்டன. ஆனாலும் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று பட்டம் பார்த்து நாற்று விடுகிறவர்கள் இன்னும் இருக்கத்தான் இருக்கிறார்கள். 1990-ஆம் ஆண்டிலிருந்து தமிழ்நாட்டில் பாசனப் பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம். அதனால் பலபேர் கரண்டு மோட்டாருக்கு மாறிவிட்டார்கள். இருந்தாலும் கொட்டகை மூலையில் ஓர் ஆயில் எஞ்சின் உட்கார்ந்திருக்கிறது. இணைப்புக்கு மனுப் போட்டுக் காத்திருப்பவர்களுக்கு அதுதான் கதி. குத்தகை நிலத்துக்கு அதுதான் கை கொடுக்கிறது. கார்த்திகை மழையில் வயலில் தேங்கின தண்ணீரை வடிக்கவும் அதைத்தான் இழுத்துக்கொண்டு ஓடுகிறோம்.

"ஐயா, எஞ்சின் ஸ்டார்ட் ஆகுது, நல்லாத்தான் ஓடுது. ஆனா பம்பை மாட்டினா இழுக்க மாட்டேங்குது. புகை மட்டும் கரியா கக்குது." என்னிடம் வருகிற பத்துப் பேரில் பாதிப் பேர் சொல்வது இதுதான். இதற்குக் காரணம் பல இருக்கலாம். எல்லோரும் கடைசியாகப் பார்க்கிற, பலர் பார்க்காமலே விட்டுவிடுகிற ஒரு காரணத்தைப் பற்றி இன்றைக்குப் பேசப் போகிறேன். எஞ்சினுக்குள்ளே இருக்கிற கேம் ஷாப்ட் தேய்ந்து போவதுதான் அது.

ஒரு பெரியவரின் கதை

முதலில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதி பெய்த மழை யாருக்கும் மறந்திருக்காது. தாம்பரத்தில் மட்டும் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. அடையாறு கரை புரண்டு முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் வெள்ளக்காடாகிவிட்டது. அந்த வட்டாரத்துப் பெரியவர் ஒருவரின் 5 எச்.பி. எஞ்சின் இரண்டு நாள் தண்ணீருக்குள் கிடந்தது. வெள்ளம் வடிந்ததும் அவர் எஞ்சினை வெளியே துடைத்தார், டீசலை மாற்றினார், எண்ணெயில் கொஞ்சம் வடித்துவிட்டு மேலே புது எண்ணெய் ஊற்றினார். பொங்கலுக்குள் ஓட்டிவிட்டார். ஊரே அவரைப் பாராட்டியது.

அடுத்த ஆண்டு சொர்ணவாரிக்கு எஞ்சின் களைத்துப் போனது. முன்பு 10 மணி நேரத்தில் பாய்ந்த நிலத்துக்கு 15 மணி நேரம் பிடித்தது. முதலில் வந்த மெக்கானிக், "நாசில் போயிருச்சுபா" என்றார். நாசில் மாற்றினார்கள். கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தது, மறுபடி அதே கதை. இரண்டாவது வந்தவர் வால்வைக் கிரைண்ட் செய்தார். மூன்றாவது வந்தவர் ரிங்கை மாற்றச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் டேப்பட் இடைவெளியைப் பார்த்தார்கள். அது சரியாகவே இருந்தது. இதற்குள் நெல் பொதிக்கு வந்துவிட்டது. கடைசி அரை ஏக்கருக்குத் தண்ணீர் எட்டவில்லை. அது பதராய்ப் போனது.

அறுவடைக்குப் பிறகு எஞ்சினைப் பிரித்துப் பார்த்தோம். நாசில் புதிது, ரிங் புதிது, வால்வு பளபளவென்று இருந்தது. ஆனால் புகை வெளியேறும் வால்வைத் தூக்கிவிடுகிற கேமின் மூக்கு மழுங்கிக் கிடந்தது. வெள்ளத் தண்ணீர் எண்ணெயில் கலந்து, அந்த மூக்கில் துருப்புள்ளி விழுந்து, புள்ளி விழுந்த இடம் அரம்போல் ராவி, டேப்பட்டையும் தின்று தன்னையும் தின்றுவிட்டது. பெரியவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். "இந்தக் கட்டை விரல் அளவு இரும்புக்காகவா அரை ஏக்கர் போச்சு?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அதனால்தான் இந்தப் பேச்சு.

கேம் என்ன வேலை செய்கிறது?

நம் எஞ்சின் நான்கு வீச்சில் ஓடுவது. காற்றை உள்ளே இழுக்கும், அதை அமுக்கும், டீசல் பீய்ச்சி எரிய வைக்கும், எரிந்த புகையை வெளியே தள்ளும். மூச்சு இழுப்பது, மூச்சு விடுவது மாதிரிதான். இழுப்பதற்கு ஒரு வால்வு, விடுவதற்கு ஒரு வால்வு. இந்த இரண்டு கதவையும் நேரம் தவறாமல் திறந்து மூட ஆள் வேண்டுமல்லவா? அந்த ஆள்தான் கேம் ஷாப்ட்.

அது ஒரு தண்டு. அதன்மேல் முட்டை வடிவத்தில் மேடுகள் இருக்கும். உருண்டையான பக்கத்தை அடி என்றும், துருத்திக்கொண்டிருக்கும் பக்கத்தை மூக்கு என்றும் வைத்துக்கொள்வோம். மேட்டின்மேல் டேப்பட் உட்கார்ந்திருக்கும். டேப்பட்டின்மேல் புஷ் ராடு. அதற்கு மேலே ஹெட்டில் ராக்கர். தண்டு சுற்றும்போது மூக்கு மேலே வந்தால் டேப்பட்டைத் தூக்கும். டேப்பட் ராடைத் தூக்கும். ராடு ராக்கரின் ஒரு முனையைத் தூக்க, மறுமுனை ஏற்றக்கழி சாய்வதுபோல் சாய்ந்து வால்வை அழுத்தித் திறக்கும். மூக்கு கடந்து போனதும் ஸ்பிரிங் வால்வை மூடிவிடும். நம்மிடம் உள்ள பெரும்பாலான ஒற்றை சிலிண்டர் எஞ்சின்களில் இதே தண்டில் மூன்றாவது மேடு ஒன்றும் உண்டு. டீசல் பம்பைத் தட்டிவிடுவது அதுதான்.

கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஷாப்ட் ஒரு சுற்று. நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடுகிற எஞ்சினில் கேம் நிமிடத்துக்கு 750 தடவை சுற்றும். ஒரு மணி நேரத்துக்கு 45,000 தடவை. பத்து மணி நேரம் தண்ணீர் இறைத்தால் நாலரை லட்சம் தடவை அந்த மூக்கு டேப்பட்டைத் தூக்கி இறக்குகிறது. 650 சுற்று ஓடுகிற பழைய கனத்த எஞ்சினிலும் மணிக்கு 19,500 தடவை. இவ்வளவு உரசலையும் தாங்குவதற்காகத்தான் கேமின் மேல்தோலை மட்டும் சூட்டில் பதப்படுத்திக் கெட்டிப்படுத்தியிருக்கிறார்கள். உள்ளே இரும்பு சற்று மெதுவானது. மேல்தோல் இருக்கிறவரை ஆண்டுக்கணக்கில் உழைக்கும். தோல் ஒரு தடவை கிழிந்துவிட்டால் பிறகு வேகமாகக் கரைந்துவிடும். "போன மாசம் நல்லா இருந்ததே" என்று நாம் திகைப்பது இதனால்தான்.

டேப்பட் இடைவெளி ஏன் ஏமாற்றுகிறது?

இந்தப் பேச்சில் வேறு எது மறந்தாலும் இது ஒன்றை மறக்காதீர்கள். டேப்பட் இடைவெளியை நாம் எப்போது பார்க்கிறோம்? வால்வு மூடியிருக்கும்போது. அப்போது டேப்பட் எங்கே உட்கார்ந்திருக்கிறது? கேமின் அடியில். அடிப்பக்கம் அதிகம் தேய்வதில்லை. தேய்வது மூக்குதான். ஆகவே ஃபீலர் தகடு சரியான அளவைக் காட்டும். மூக்கோ பாதி போயிருக்கும். வாசலில் தாழ்ப்பாள் சரியாக இருக்கிறது என்பதற்காகக் கதவு முழுசாகத் திறக்கும் என்று சொல்ல முடியுமா? அந்த மாதிரிதான்.

இன்னொரு தவறும் நடக்கிறது. எஞ்சின் இழுக்கவில்லை என்றதும் சிலர் இடைவெளியே இல்லாமல் டேப்பட் திருகை இறுக்கிவிடுகிறார்கள். வால்வு சற்று அதிகம் திறக்கும், எஞ்சினும் ஒரு நாள் இரண்டு நாள் சுறுசுறுப்பாக ஓடும். ஆனால் எஞ்சின் சூடானதும் வால்வுத் தண்டு நீளும். இடைவெளி இல்லாததால் வால்வு முழுசாக மூடாது. மூடாத இடுக்கில் நெருப்பு பீறிட்டு வால்வின் விளிம்பும் அதன் இருக்கையும் கருகிவிடும். ஒரு நோய்க்கு இரண்டு நோயாகிவிடும். ஆகவே திருகை இறுக்கி நோயை மூடாதீர்கள்.

நோய்க்குறிகள்

கேம் தேய்ந்த எஞ்சின் என்னென்ன சொல்லும்?

பம்பு மாட்டாமல் ஓட்டினால் ஒழுங்காக ஓடும். லோடு வந்ததும் மூச்சுத் திணறும். புகை வால்வு முழுசாகத் திறக்காததால் எரிந்த புகை உள்ளேயே தங்குகிறது. அது தங்கின இடத்தில் புதுக்காற்றுக்கு இடமில்லை. வேகம் குறைகிறதே என்று கவர்னர் இன்னும் டீசலைத் தள்ளும். காற்றில்லாமல் டீசல் மட்டும் அதிகமானால் என்ன ஆகும்? கரும்புகை, அதிகச் சூடு, வீண் செலவு. 5 எச்.பி. எஞ்சின் முழு லோடில் மணிக்குச் சுமார் ஒரு லிட்டர் டீசல் குடிக்கும். 10 மணி நேர வேலை 15 மணி நேரமானால் ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் 5 லிட்டர் தண்டம்.

சில சமயம் காற்று வடிகட்டி வழியாகவே 'புப் புப்' என்று புகை திரும்பி வரும். வெளியே போக வழியில்லாத புகை, உள்ளே வரும் கதவு திறந்ததும் அதன் வழியாகப் பாய்கிறது. இதைக் கண்டால் புகை வால்வின் கேம்மீது உடனே சந்தேகப்படலாம். இரண்டு வால்வில் அதிக உழைப்பு புகை வால்வுக்குத்தான். சிலிண்டருக்குள் இன்னும் அழுத்தம் இருக்கும்போதே அதைத் தள்ளித் திறக்க வேண்டியிருக்கிறது. அதனால் அதன் கேம்தான் பெரும்பாலும் முதலில் தேயும்.

இடைவெளியைச் சரிசெய்த பிறகும் 'டிக் டிக்' சத்தம் நிற்காமல் இருந்தால் டேப்பட்டின் அடி குழிந்திருக்கலாம். காலையில் கைப்பிடி போட்டுச் சுற்றிச் சுற்றி அலுத்துப்போய், வெள்ளைப் புகையோடு தாமதமாக ஸ்டார்ட் ஆனால் டீசல் பம்பைத் தட்டும் மேடு தேய்ந்திருக்கலாம். எண்ணெய் வடிக்கும்போது உள்ளங்கையில் கொஞ்சம் வாங்கி வெயிலில் பாருங்கள். மினுமினுவென்று இரும்புத்தூள் தெரிகிறதா? அடியில் ஒரு காந்தத் துண்டை விட்டு எடுங்கள். மீசைபோல் தூள் ஒட்டிக்கொண்டு வந்தால் உள்ளே எதுவோ தேய்கிறது என்று அர்த்தம்.

எளியதை முதலில் பாருங்கள்

கரும்புகை கண்டதும் கேமைப் பிரிக்க ஓடாதீர்கள். செலவில்லாததை முதலில் பார்க்க வேண்டும். காற்று வடிகட்டி அடைத்திருக்கிறதா? சைலன்சரில் கரி கட்டியிருக்கிறதா, குளவி கூடு கட்டியிருக்கிறதா? பம்பின் அடிவால்வு, குழாய் எல்லாம் சரியா? நாசில் பனித்தூவல்போல் பீய்ச்சுகிறதா, ஒழுகுகிறதா?

அடுத்து, ஸ்டார்ட் செய்யாமல் சக்கரத்தைக் கையால் சுற்றி அமுக்கத்தைப் பாருங்கள். பிஸ்டன் மேலே வரும்போது சக்கரம் உங்களை எதிர்த்துத் தள்ளினால் ரிங்கும் வால்வும் ஓரளவு சரி. எதிர்ப்பே இல்லாமல் வழவழவென்று சுற்றினால் ரிங்கோ வால்வோ கசிகிறது. நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது; அதுவும் பெரும்பாலும் ரிங் சமாச்சாரம்தான். இதெல்லாம் சரியாக இருந்தும் லோடு இழுக்கவில்லை என்றால், அப்போது கேமை அளந்து பார்க்க வேண்டியதுதான்.

உயரத்தை அளப்பது எப்படி?

எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். டீசல் குழாயை மூடுங்கள். நாசிலைக் கழற்றி வையுங்கள். அதைக் கழற்றாமல் ராக்கரை எடுத்துவிட்டுச் சுற்றினால் அமுங்கின காற்றுக்குப் போக வழியில்லாமல் சக்கரம் எதிர்த்து உதைக்கும். பிறகு ராக்கர் மூடியைத் திறந்து ராக்கரை எடுங்கள். புஷ் ராடுகள் இரண்டும் அதனதன் இடத்திலேயே நிற்கட்டும்.

இப்போது ஒருவர் சக்கரத்தை ஓடும் திசையில் மெதுவாகச் சுற்ற வேண்டும். இன்னொருவர் ஒரு ராடின் தலையை விரலால் லேசாக அழுத்திப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் இரும்பு ஸ்கேலை ஹெட்டின்மேல் நிறுத்தி வைத்துக்கொள்ள வேண்டும். ராடு மிகத் தாழ்ந்து நிற்கும்போது ஓர் அளவு, மிக உயர்ந்து நிற்கும்போது ஓர் அளவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஏற்றம். மற்ற ராடுக்கும் இதேபோல் பாருங்கள். லேத் பட்டறையில் டயல் கேஜ் இருந்தால் இன்னும் துல்லியமாகத் தெரியும்.

எஞ்சினோடு வந்த புத்தகத்தில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். புத்தகம் இல்லையா? கடையில் உங்கள் எஞ்சினுக்கான புதுக் கேமை வாங்கி வெர்னியரால் அளக்கச் சொல்லுங்கள். மூக்கு முதல் அடி வரை உள்ள முழு உயரத்திலிருந்து உருண்டைப் பாகத்தின் குறுக்களவைக் கழித்தால் வருவதுதான் ஏற்றம். சின்ன எஞ்சின்களில் இது சில மில்லிமீட்டர்தான். ஆகவே அரை மில்லிமீட்டர் குறைந்தாலே கவனிக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் குறைந்திருந்தால் பிரித்துப் பார்க்கத் தயங்காதீர்கள். இரண்டு ராடுக்குள்ளும் பெரிய வித்தியாசம் இருந்தாலும் சந்தேகம்தான்.

இந்தச் சோதனைக்கு ஒரு மணி நேரமும் ஒரு ஸ்கேலும் போதும். அந்தப் பெரியவருக்கு இதை யாராவது முதல் நாளே செய்து பார்த்திருந்தால் நாசில் காசும் ரிங் காசும் மிச்சம். அரை ஏக்கர் நெல்லும் வீடு வந்து சேர்ந்திருக்கும்.

பக்கவாட்டுக் கதவைத் திறந்து கேமைக் கண்ணால் பார்க்க முடிகிற எஞ்சின்களில் இன்னும் சுலபம். மூக்கின்மேல் நகத்தை ஓட்டுங்கள். வழவழவென்று போனால் சரி. குழியோ, கோடோ, செதில்போல் உதிர்ந்த இடமோ நகத்தில் தட்டினால் அந்தத் தண்டின் ஆயுள் முடிந்தது.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

தண்டை மாற்றுவது நல்ல ஃபிட்டரின் வேலை. ஆனாலும் பக்கத்தில் நின்று பார்க்கிற நமக்கும் விஷயம் தெரிந்திருந்தால் நல்லது.

முதலாவது, பழைய எண்ணெயை முழுவதும் வடித்து, எஞ்சினின் வெளிப்புறத்தை டீசலால் கழுவித் துடைத்த பிறகே திறக்க வேண்டும். மண் உள்ளே விழுந்தால் புதுக் கேமும் பழைய கதைதான். கொட்டகையில் காற்று அடித்தால் ஒரு கோணியையோ படுதாவையோ கட்டிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, டீசல் பம்பைத் தூக்கும்போது அதன் அடியில் உள்ள மெல்லிய தகடுகளை எண்ணிப் பத்திரப்படுத்த வேண்டும். டீசல் எந்த நேரத்தில் பாய வேண்டும் என்பதை அந்தத் தகடுகள்தான் நிர்ணயிக்கின்றன. ஒன்று குறைந்தாலும் கூடினாலும் நேரம் மாறிப்போகும். புஷ் ராடுகளையும் எது எந்த வால்வுக்கு என்று அடையாளம் வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவதுதான் மிக முக்கியம். கிராங்க் பல்சக்கரத்தின் பல்லைப்போல் இரண்டு மடங்கு பல் கேம் பல்சக்கரத்தில் இருக்கும். இரண்டு சக்கரத்திலும் புள்ளியோ கோடோ குறி இருக்கும். அந்தக் குறிகள் ஒன்றையொன்று பார்க்கும்படி சுற்றி நிறுத்திவிட்டுத்தான் தண்டை உருவ வேண்டும். குறி தெரியவில்லை என்றால் உருவுவதற்கு முன்பே பஞ்சால் ஒரு புள்ளி அடித்துக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டும்போது ஒரு பல் தவறினாலும் வால்வு நேரம் தவறும். அதிகம் தவறினால் பிஸ்டன் மேலே வரும்போது திறந்து நிற்கிற வால்வை இடிக்கும்.

நான்காவது, டேப்பட்டுகளை மேலே தூக்கி நூலாலோ கம்பியாலோ கட்டி நிறுத்திக்கொண்டு, தண்டை நேராக, கோணாமல் உருவ வேண்டும். சில எஞ்சின்களில் டேப்பட் கீழ்வழியாகத்தான் வரும். அதைத் தண்டை எடுத்த பிறகு எடுக்கலாம். தண்டு உட்காரும் புஷ்களில் ஆட்டம் இருந்தால் அவற்றையும் மாற்றுங்கள்.

ஐந்தாவது, புதுக் கேமுக்குப் பழைய டேப்பட்டைப் போடாதீர்கள். பழைய டேப்பட்டின் அடி பழைய கேமுக்குத் தக்கபடி குழிந்திருக்கும். ஒரு கண்ணாடித் துண்டின்மேல் அதை நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தால் தெரியும். குழிந்த டேப்பட் புதுக் கேமின் தோலைச் சில நாளிலேயே கிழித்துவிடும். தேய்ந்த கல்லில் புதுக் கத்தியைத் தீட்டின கதையாகிவிடும். காசு கொஞ்சம் கூடினாலும் கேமும் டேப்பட்டும் சோடியாகத்தான் மாற்ற வேண்டும்.

புதுத் தண்டு வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். பாரிமுனையானாலும் சரி, உங்கள் ஊர்ப் பம்புசெட்டுக் கடையானாலும் சரி, இரண்டையும் பக்கத்தில் வைத்து நீளம், மேடுகளின் வரிசை, அவை பார்க்கும் திசை, சாவிப்பள்ளம் எல்லாம் ஒத்துப் பாருங்கள். பளபளப்பை நம்பாதீர்கள். தோல் பதமாகாத போலிச் சாமானும் பளபளக்கும். மூக்கில்லாத மறைவான ஓரத்தில் அரத்தை லேசாக வைத்துப் பார்ப்பது ஃபிட்டர்களின் பழைய வழக்கம். ஆனால் கெட்டிப்படுத்தாத ஓரத்தில் அரம் கடிக்கத்தான் கடிக்கும்; கடித்ததை வைத்து மட்டும் முடிவு கட்டாமல், கம்பெனிச் சாமானாகப் பார்த்துப் பில்லோடு வாங்குவதே நல்லது. தேய்ந்த மூக்கில் வெல்டு வைத்துச் சாணை பிடித்துத் தருகிறேன் என்பார்கள். வடிவமும் பதமும் சரியாக அமையாவிட்டால் அது ஒரு பட்டத்துக்குக்கூட வராது.

மாட்டும்போது மூக்கு, டேப்பட் அடி எல்லாவற்றிலும் புது எண்ணெயைத் தாராளமாகத் தடவ வேண்டும். முதல் சில நிமிடங்களில், எண்ணெய் தெறித்து மேலே வருவதற்குள்தான் புதுக் கேம் காயப்படும். எல்லாம் மாட்டி, டேப்பட் இடைவெளியைப் புத்தகத்தில் சொன்ன அளவுக்கு வைத்து, சக்கரத்தைக் கையால் இரண்டு முழுச் சுற்று மெதுவாகச் சுற்றுங்கள். எங்காவது 'டொக்' என்று இடித்து நின்றால் பலத்தைக் காட்டாதீர்கள். குறி தவறியிருக்கிறது, திறந்து பாருங்கள்.

ஸ்டார்ட் ஆனதும் அரை மணி நேரம் லோடு இல்லாமல் ஓடட்டும். முதல் சில நாள் முழு லோடு வேண்டாம். 20, 25 மணி நேரம் ஓடின பிறகு எண்ணெயை ஒரு தடவை மாற்றி, டேப்பட் இடைவெளியை மறுபடி பார்த்துவிடுங்கள்.

கடல்காரர்களிடம் கற்க வேண்டியது

தாம்பரத்திலிருந்து கிழக்கே போனால் கோவளம் கடற்கரை. அங்கே மீனவர்களின் ஃபைபர் படகுகளில் பின்னால் நீளத் தண்டு வைத்து ஓட்டுகிறார்களே, அதுவும் நம்முடையது போன்ற சின்ன டீசல் எஞ்சின்தான். வடக்கே காசிமேட்டு விசைப்படகுகளில் லாரி எஞ்சின் அளவுக்குப் பெரிய எஞ்சின்கள். பெரிதோ சின்னதோ, கேம் தேய்ந்தால் அங்கேயும் இதே கரும்புகை, இதே திணறல். ஆனால் நமக்கு எஞ்சின் நின்றால் வரப்பில் உட்காரலாம். அவர்களுக்குக் கடல் நடுவே நின்றுவிடும். உப்புத் தண்ணீர் ஒரு கை எண்ணெயில் கலந்தாலும் கேமில் துரு பிடிக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால் எண்ணெய் பால் கலந்த டீ மாதிரி வெளுத்துத் தெரிந்தால் அன்றைக்கே வடித்துவிடுகிறார்கள்.

இன்னொரு நல்ல வழக்கமும் அங்கே உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் படகைக் கரையேற்றி, எஞ்சினைப் பிரித்து, தேய்ந்ததை மாற்றிவிடுகிறார்கள். நமக்கு அப்படித் தடைக்காலம் எதையும் யாரும் போடவில்லை. ஆகவே நாமாக ஒன்று போட்டுக்கொள்ள வேண்டும். ஓர் அறுவடைக்கும் அடுத்த நாற்றங்காலுக்கும் நடுவே இரண்டு நாள் எஞ்சினுக்கென்று ஒதுக்குங்கள். எண்ணெய் மாற்ற ஒரு நாள், ஏற்றம் அளக்க ஒரு நாள். கதிர் பொதியில் இருக்கும்போது தேடுகிற மெக்கானிக் கிடைக்கமாட்டார். கிடைத்தாலும் பதறின கையோடு வேலை செய்வார்.

தேயாமல் காப்பது

கேமைத் தேய்ப்பது எண்ணெய்க் குறைதான். ஆகவே தினம் ஸ்டார்ட் செய்வதற்கு முன் எண்ணெய் அளவுக்குச்சியை எடுத்துப் பாருங்கள். தயாரிப்பாளர் சொன்ன எண்ணெயை, சொன்ன மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள். லாரியில் ஓடிக் கருத்த எண்ணெயை வடிகட்டி ஊற்றுகிற சிக்கனம் வேண்டாம்.

மழைக்காலத்துக்கு முன் எஞ்சினை உயரமான மேடையில் ஏற்றி வையுங்கள். அதையும் மீறித் தண்ணீரில் மூழ்கிவிட்டால் உடனே ஸ்டார்ட் செய்து பார்க்கிற ஆசையை அடக்குங்கள். எண்ணெய் முழுவதையும் வடித்து, உள்ளே டீசலால் கழுவி, அதையும் வடித்து, கதவைத் திறந்து கேமையும் டேப்பட்டையும் துடைத்துப் பார்த்து, புது எண்ணெய் ஊற்றிக் கையால் பலமுறை சுற்றிய பிறகுதான் ஓட்ட வேண்டும். சில மணி நேரம் ஓடினதும் அந்த எண்ணெயையும் மாற்றிவிடுங்கள். பெரியவர் செய்யாமல் விட்டது இந்த ஒன்றைத்தான்.

கரண்டு மோட்டார் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. "எஞ்சின் சும்மாதானே கிடக்குது" என்று பத்து மாதம் தொடாமல் விடாதீர்கள். சும்மா கிடக்கிற கேமில் எண்ணெய் வழிந்து இறங்கிவிடும். காற்றின் ஈரம் துருவாய் ஏறும். மாதம் ஒரு தடவையாவது எண்ணெய் பார்த்துக் கால் மணி நேரம் ஓட்டுங்கள். முடியாவிட்டால் கையாலாவது பத்துச் சுற்றுச் சுற்றி, வேறு இடத்தில் நிறுத்தி வையுங்கள்.

உழவர் பெருமக்களே! எஞ்சின் இழுக்கவில்லை என்றால் அடுத்த சாமான் எதை வாங்கலாம் என்று யோசிப்பதற்கு முன்னால், ஓர் இரும்பு ஸ்கேலைக் கையில் எடுங்கள். ராடு எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். இடைவெளி மட்டும் பார்த்தால் போதாது, ஏற்றமும் பார்க்க வேண்டும். வருகிற மெக்கானிக் தம்பியிடமும் இதைக் கேட்டுப் பாருங்கள்: "தம்பி, கேமின் ஏற்றம் அளந்தியா?" அந்த ஒரு கேள்வி ஒரு பட்டத்து வெள்ளாமையைக் காப்பாற்றும்.